தரைக்குத் தெரியாத நடை

சோப்புப் பெட்டிகள் அடுக்கியிருந்த வரிசையில் பாதி தூரம் போவதற்குள் இடுப்பில் தொங்கிய ஸ்கேனர் கண்ணை மூடிக்கொண்டது. பூனை அதைத் தட்டிப் பார்த்தாள். உலுக்கிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் "எரிஞ்சு தொலையேன், உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சியும் பார்த்தாள். அது செத்தது செத்ததுதான். அடுத்த பெட்டி எந்த ராக்கின் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் தள்ளுவண்டியோடு நடு வழியில் நின்றாள்.

பூனை என்பது அந்தக் குடோனில் அவளுக்கு விழுந்த பெயர். வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. பின்னால் வந்து நின்று "அக்கா, கொஞ்சம் வழி" என்று மெல்லக் கேட்டால், முன்னால் நிற்பவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு "அடிப்பாவி, செருமிட்டாவது வரக் கூடாதா?" என்பாள். செருமுவதற்கும் அவளுக்குக் கூச்சம்.

ஸ்கேனர்களை முன்பெல்லாம் சுவரில் மாட்டி சார்ஜ் ஏற்றுவார்கள். ஷிப்ட் மாறும்போது நிறைய சார்ஜ் உள்ளதை யார் முதலில் பிடுங்குவது என்று தினமும் ஒரு குழாயடிச் சண்டை நடக்கும். பிறகுதான் இந்த ஷூ வந்தது. குதிகாலுக்கு அடியில் ஒரு தகடு. காலை ஊன்றும்போதெல்லாம் தகடு அழுந்தி, துளித் துளியாய்க் கரண்ட் பிறக்கும். கணுக்காலில் கட்டிய சின்னப் பெட்டியில் அது சேரும். அங்கிருந்து ஓர் ஒயர் கால்சட்டைக்குள் ஏறி, இடுப்பில் உள்ள ஸ்கேனருக்குப் போகும். "நீங்க நடந்தாப் போதும், கரண்ட் தானா வரும்" என்று ஷூவைக் காட்ட வந்தவர், ஏதோ சீர்வரிசை கொண்டுவந்தவர் போலச் சிரித்தார். "நம்ம காலு, நம்ம நடை, அவங்க கரண்டு. நல்லா இருக்கே நியாயம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அது இடியக்கா. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஷூவோடு கூடவே ஒரு சட்டமும் வந்தது. நடந்தால் எரியும், எரியாவிட்டால் நடக்கவில்லை, நடக்கவில்லை என்றால் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறாய். இரண்டு முறை மன்னிப்பு. மூன்றாம் முறை, வெள்ளிக்கிழமை ஷிப்ட் தொடங்குமுன் எல்லோர் முன்னாலும் நின்று, "வேலை நேரத்தில் உட்கார்ந்துவிட்டேன், இனி உட்கார மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வாசல் திறந்தே இருக்கிறது, போய்க்கொள்ளலாம்.

பூனைக்கு இது மூன்றாம் முறை.

"எங்கம்மா உக்காந்திருந்த?" என்றார் சூப்பர்வைசர். அதட்டவில்லை. அதட்டவும் தெம்பில்லாத மனிதர் அவர். மேலே இருப்பவர்களிடம் வாங்கியதைக் கீழே இறக்கி வைப்பதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது.

"நடந்தேன் சார்." அவள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நடந்தா எரியணுமே. எரியலையே. மிஷினுக்கு உன் மேல என்ன பகையா?"

ஷூவுக்குள் இரண்டு காலும் வீங்கிக் கெஞ்சிக்கொண்டிருந்தன. சேர்ந்த நாளிலிருந்து சாப்பாட்டு வேளையில்கூடச் சுவரில் சாய்ந்து நின்றே தின்றவள் அவள். உட்கார்ந்தால் எங்கே எழுந்திருக்க மனம் வராமல் போய்விடுமோ என்று பயம். அப்படிப்பட்டவளைப் பார்த்து, உட்கார்ந்தாயாம்.

"ஒரே ஒரு வரிதான். வெள்ளிக்கிழமை சொல்லிட்டுப் போயிடு" என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வேலை அவளுக்கு லேசில் கிடைத்ததல்ல. "பொண்ணு வீட்ல இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்ற அண்ணனை, அண்ணி ஒரு மாதமாகச் சாப்பாட்டோடு சேர்த்துக் கரைத்து, கடைசியில் "சரி, போய்த் தொலையட்டும்" என்று சொல்ல வைத்திருந்தாள். அந்த வீட்டில் பூனைக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது இந்த வேலை ஒன்றுதான். அதைக் காப்பாற்றிக்கொள்ள, செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

வீடு என்றால் இரண்டு அறை. அண்ணனுக்கு நெசவாலையில் இரவு ஷிப்ட். ராவெல்லாம் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்றுவிட்டு வருபவனுக்குப் பகலில் ஊசி விழுந்தாலும் உடம்பு எரியும். அதனால் பகலில் அந்த வீட்டுக்கு வாய் கிடையாது. சொட்டுகிற குழாயின் வாயில் துணி கட்டியிருக்கும். நாற்காலியை இழுக்க மாட்டார்கள், தூக்கித்தான் வைப்பார்கள். குக்கர் விசிலடிக்கப் போகிறது என்று அண்ணிக்கு எப்படித்தான் தெரியுமோ, அதற்கு ஒரு மூச்சு முன்னால் அடுப்பை அணைத்துவிடுவாள். அரைவேக்காட்டுப் பருப்பைத்தான் அந்த வீட்டில் பருப்பு என்று சொல்வார்கள்.

இந்தப் பழக்கம் அண்ணன் காலத்தில் வந்ததும் அல்ல. அப்பாவும் அதே ஆலை, அதே இரவு ஷிப்ட். பூனை தவழ்வதை விட்டு எழுந்து நின்ற நாளிலேயே அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல. பொம்பளப் பிள்ளை நடந்தா தரைக்கே தெரியக் கூடாது" என்று சொல்லிக் கொடுத்தாளாம். அண்ணனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தான். அவன் திமுதிமுவென்று ஓடினால் அப்பா கண்ணைத் திறக்காமலே "ஆம்பளப் பையன், ஓடட்டும்" என்று புரண்டு படுத்துக்கொள்வார். பூனை நுனிக்காலில் வளர்ந்தாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பொண்ணுன்னா இப்படி இருக்கணும், இருக்கற இடமே தெரியலை" என்று மெச்சினார்கள். அந்த மெச்சல் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் இடியக்கா அவள் பக்கத்தில் வந்து பொத்தென்று தரையில் அமர்ந்தாள்.

இடியக்காவுக்குப் பெயர் சும்மா வரவில்லை. அவள் ஒரு வரிசையில் நடந்தால் பக்கத்து வரிசை ராக்கில் உள்ள கண்ணாடிச் சாமான் கிணுகிணுக்கும். அவளுடைய ஸ்கேனர் அணைந்ததாகச் சரித்திரம் இல்லை. மிஞ்சிய கரண்டைக் கணுக்கால் பெட்டியிலிருந்து தன் கைபேசிக்கும் ஏற்றிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பாட்டுக் கேட்பாள். "என் காலு சம்பாதிச்ச பாட்டுடி இது" என்பாள்.

"ஏண்டி, நேத்து மாட்டிக்கிட்டியாமே? எங்க போய் உக்காந்த? நல்ல இடமா இருந்தா எனக்கும் காட்டேன்."

"நான் உக்காரலக்கா."

"சரி, நம்பறேன். வேற யாரு நம்புவா?" என்றவள் பூனை காலாற விடக் கழற்றி வைத்திருந்த ஷூவைக் கையிலெடுத்துத் திருப்பினாள். சிறிது நேரம் அடிப்பக்கத்தையே பார்த்தாள். பிறகு தன் ஷூவைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். அக்காவின் ஷூவில் குதிகால் பக்கம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. பூனையின் ஷூவில் விரல்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. குதிகாலோ, கடையிலிருந்து வாங்கிவந்த மேனிக்குப் புத்தம் புதுசாய் மினுங்கியது.

"அடியே, நீ நடக்கிறியா பறக்கிறியா? குதிகால் தரையில படவே இல்லையே! தகடு எங்க இருக்கு? குதிகால்ல. நீ எங்க நடக்கிற? நுனியில. பெட்டி தூக்கறப்ப மட்டும் லேசாப் பட்டிருக்கும், அதுலதான் இத்தனை நாள் ஓட்டியிருக்க. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?"

பூனை ஷூவைப் பார்த்தாள். வெட்கமா கோபமா என்று தெரியாத ஒன்று காதுவரை சுட்டது. அவள் கால் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல பெண்ணாய் நடந்ததற்குத்தான் இந்தத் தண்டனை.

"இதை மாட்டிக்கோ. நட" என்றாள் அக்கா.

நடந்தாள்.

"அடி மேல அடி வெச்சா அம்மியும் நகருமாம். நீ வெக்கிற அடிக்கு அம்மி மேல உக்காந்திருக்கிற ஈ கூட நகராது. குதிகாலைப் போடுடி!"

"போட்டேனேக்கா."

"எங்க போட்ட, பையிலயா? சரி, உனக்கு யார் மேலயாவது கோவம் இருக்கா?"

"யார் மேலயும் இல்லக்கா."

"பொய். இந்த வயசுல கோவம் இல்லாத பொண்ணும் கிடையாது, அதை வெளிய சொல்ற பொண்ணும் கிடையாது. தரையில அந்த மூஞ்சியை வரைஞ்சுக்கோ. வரைஞ்சாச்சா? இப்ப அது மேல நட."

பூனை தரையைப் பார்த்தாள். யார் முகத்தை வரைந்தாளோ, அவள் யாரிடமும் சொன்னதில்லை. குதிகாலைத் தூக்கி வைத்தாள். தொம். சத்தம் கேட்டதும் அவளே பதறி, யார் முறைக்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தாள். யாரும் முறைக்கவில்லை. இன்னொரு தொம். இன்னொன்று. உள்ளங்காலிலிருந்து அதிர்வு முழங்கால் வழியாக ஏறி முதுகில் வந்து நின்றது. இத்தனை நாளும் தரை இவ்வளவு கெட்டி என்றே அவளுக்குத் தெரியாது. சுவர்வரை போய்த் திரும்புவதற்குள் இடுப்பில் ஸ்கேனர் கீச்சென்று கத்தியபடி கண்ணைத் திறந்தது.

"ஏய்! கேட்டியா! கேட்டியா!" என்று இடியக்கா பருத்த கைகளைத் தட்டினாள். "இன்னையோட பூனைக்கு மணி கட்டியாச்சு!"

பூனை மூச்சு வாங்கச் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கேட்டாள்: "அப்ப நான் உக்காரலைன்னு தெரிஞ்சுபோச்சுல்லக்கா?"

"இனிமே உக்காரலைன்னு தெரியும். போனது போனதுதான். வெள்ளிக்கிழமை அந்த வரியைச் சொல்லிட்டு ஆளை விடு. நான்கூடச் சொல்லியிருக்கேன். நாக்கு என்ன தேஞ்சா போச்சு?"

"நீங்க நெசமா உக்காந்தீங்களாக்கா?"

"உக்காராம? அந்த மெத்தைப் பெட்டிங்க இருக்கிற வரிசையில நல்லா நீட்டி உக்காந்தேன். அப்பவும் இந்தப் பாழாப்போன கால் ஆடிட்டே இருந்துச்சா, மிஷின் அணையவே இல்ல. அந்தச் சூப்பர்வைசரே நேர்ல வந்து பாத்துட்டான்."

"நான் உக்காரலையேக்கா" என்றாள் பூனை.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு வரிக்கு வேலையை விடுவியா? பைத்தியக்காரி" என்றாள். ஆனால் குனிந்து அவள் ஷூவின் ஒயரைச் சரிசெய்துவிட்டபோது பைத்தியக்காரியிடம் காட்டும் இரக்கம் அதில் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. குளித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறாள். அவள் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை. இரண்டு நாளாய்ப் பழகிய கால், வீடு வேறு குடோன் வேறு என்று பிரித்துப் பார்க்கவில்லை. தொம், தொம், தொம் என்று ஈரக்காலோடு நடந்து வந்துவிட்டது.

உள்ளறைக் கதவு திறந்தது. அண்ணன் கண்ணிரண்டும் சிவக்க நின்றான்.

"யாரு நடந்தது?"

"நான்தான்."

"என்ன நடை இது?"

"எல்லாரும் நடக்கிற நடைதான்."

"பொம்பளப் பிள்ளை மாதிரி நட."

"பொம்பளப் பிள்ளைதான் நடக்கிறேன்."

வார்த்தை அவள் வாயிலிருந்துதான் வந்ததா என்று அண்ணனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே அண்ணி அடுப்பின் முன்னால் அசையாமல் நின்றாள்.

"ராத்திரி பூரா நின்னுட்டு வர்றேன். ரெண்டு மணி நேரம் கண்ணை மூட விடமாட்டீங்களா?"

"நீ நின்னுட்டு வர்றது எனக்குத் தெரியும்ண்ணா. நானும் நின்னுட்டுதான் வர்றேன். நீ தூங்கறப்ப நான் கத்த மாட்டேன், பாட்டுப் போட மாட்டேன், கதவை ஓங்கிச் சாத்த மாட்டேன். ஆனா எனக்குக் குதிகால் இருக்கு. அதை என்ன பண்ணச் சொல்ற, கழட்டி ஆணியில மாட்டவா?"

"வேலைக்குப் போனதும் வாய் நீளுது. இன்னையோட வேலையை விட்டு நின்னுக்கோ. போதும்."

"நிக்கறதா இருந்தா நான் நிப்பேன். இல்ல, இன்னிக்கு அவங்க நிறுத்துவாங்க. நீ நிறுத்தாத." அவள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "நீ போய்த் தூங்கு."

அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அது நடந்தது. குக்கர் விசிலடித்தது. அந்த வீட்டுச் சுவர்கள் பிறந்ததிலிருந்து கேட்டறியாத சத்தம். அண்ணியின் கை அடுப்பின் திருகிலேயே இருந்தது. திருகவில்லை. விசில் முழுமூச்சாய் அடித்து ஓய்ந்தபின், "இன்னும் ரெண்டு விசில் வரணும். அப்பத்தான் பருப்பு வேகும்" என்றாள், யாரையும் பார்க்காமல். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான்.

குடோனில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் லாரிகள் வந்து நிற்கும் முற்றத்தில் நடக்கும். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. வெளியே லாரி உறுமிக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு மேஜை, அதன் பின்னால் ஒரே ஒரு நாற்காலி. குடோன் முழுவதற்கும் நாற்காலி அது ஒன்றுதான். சூப்பர்வைசர் மேஜை முன்னால் நின்று பெயர்களைக் கூப்பிட்டார். முதலில் ஓர் ஆள் வந்தான். "வேலை நேரத்தில் உட்கார்ந்துவிட்டேன் இனி உட்கார மாட்டேன்" என்று பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனான். அடுத்து ஓர் அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்தது பூனை.

அவள் போய் நின்றதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை.

"ம், சொல்லும்மா."

"நான் உக்காரல."

"காதுல விழலை. சத்தமாச் சொல்லு."

"நான் உக்காரல சார். நடந்தேன்."

சூப்பர்வைசர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மறுபடியும் ஆரம்பிக்காத. லாரி நிக்குது. ஒரு வரி."

"பாருங்க சார்" என்றாள் பூனை. முற்றத்தின் ஒரு மூலைக்குப் போனாள். அங்கிருந்து மறு மூலைவரை நடந்தாள். அம்மா சொல்லிக் கொடுத்த நடை. வேகமாகத்தான் நடந்தாள், சத்தம்தான் இல்லை. மறு மூலையிலிருந்து திரும்பினாள். போனாள். வந்தாள். அத்தனை கண்களும் அவள் காலோடு போய் அவள் காலோடு வந்தன. ராத்திரியோடு சார்ஜ் தீர்ந்துபோயிருந்த ஸ்கேனர் இடுப்பில் கறுத்தே கிடந்தது. அவள் நெற்றி வேர்த்து மூக்கு நுனியில் சொட்டும்வரை நடந்துவிட்டு, மேஜை முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப நான் நடந்தேனா, உக்காந்தேனா?"

"நடந்தா!" என்று பின்னாலிருந்து இடியக்கா. "குருடனுக்கும் தெரியும்!"

"நீ சும்மா இரு" என்று அவளை அடக்கிவிட்டு, சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "சரிம்மா, நடந்த. எனக்குப் புரியுது. நுனிக்கால்ல நடந்தா எரியாது போல. ஆனா மேல இருக்கிறவங்களுக்கு நான் சொல்றதா போகுது? மிஷின் சொல்றதுதான் போகுது. அதுல நீ உக்காந்தேன்னு இருக்கு. நீ ஒத்துக்கிட்டா முடிஞ்சுது."

"மேல இருக்கிறவங்களைக் கீழ வந்து பாக்கச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது. பூனையின் கண், மேஜைமேல் இருந்த சூப்பர்வைசரின் ஸ்கேனரில் விழுந்தது. அதன் ஒயர் நேராகச் சுவருக்குப் போனது.

"உங்களோடது எதுல ஓடுது சார்?"

"அது... கரண்ட்ல."

"நீங்க உக்காந்தா அது அணையுமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் காலைப் பார்த்தார்கள். சாதாரணச் செருப்பு. ஷட்டருக்கு வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"கடைசியாக் கேக்கறேன். சொல்றியா, கிளம்பறியா?"

பூனை மேஜையைச் சுற்றிக்கொண்டு போனாள். ஒவ்வொரு அடிக்கும் தகடு அழுந்தியது. அந்தச் சிமெண்டுத் தரை முழுக்கக் கேட்டது. ஸ்கேனர் கீச்சிட்டு விழித்தது. அவள் நாற்காலியை இழுத்தாள். தூக்கவில்லை, கரகரவென்று இழுத்தாள். அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள்.

"இப்ப உக்காந்திருக்கேன் சார். இதை வேணா மேல அனுப்புங்க. மிஷின் எரியுது பாருங்க, நான் நடக்கிறேன்னுதான் அது சொல்லும். அன்னிக்கு நான் நடந்தேன்னு இவங்க முன்னாடி நீங்க சொல்லுங்க. அப்புறம் எழுந்திரிக்கிறேன்."

சூப்பர்வைசர் கூட்டத்தைப் பார்த்து, "என்ன வேடிக்கை? போங்க, வேலையைப் பாருங்க" என்றார். யாரும் நகரவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் முதலில் நின்றார்கள். நிற்க நிற்க அது வேறாக மாறிவிட்டது. சற்றுமுன் சிரித்துக்கொண்டே அந்த வரியைச் சொன்ன அம்மாள், தள்ளுவண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தரையில் காலை மடக்கி அமர்ந்தாள். இடியக்கா உட்கார்ந்தபோது ஷட்டர் அதிர்ந்தது. இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

ஹாரன் விடாமல் அலறியது. சூப்பர்வைசர் ஷட்டரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கடைசியாகத் தன் நாற்காலியைப் பார்த்தார். அதில் இருந்தவள் அவர் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்கவில்லை.

"இந்தப் பொண்ணு நடந்துச்சு" என்றார் அவர்.

"காதுல விழலை சார்!" இது இடியக்கா.

"நடந்துச்சுங்கறேன்! உக்காரல. மிஷின்தான் தப்பு. போதுமா?" என்று கத்திவிட்டு, மேஜைமேல் கையூன்றிப் பூனையின் பக்கம் குனிந்தார். "மேல இருந்து கேள்வி வந்தா உன்னைத்தான் கை காட்டுவேன். தெரியுமில்ல?"

"காட்டுங்க சார்."

ஷட்டர் தடதடவென்று முழுதும் ஏறியது. தரையில் இருந்தவர்கள் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். தள்ளுவண்டிகள் உருண்டன. சூப்பர்வைசர் தன் நாற்காலிக்காக நின்றார்.

பூனை நீட்டிய கால்களை மடக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறேன் சார்" என்றாள். "கால் வலிக்குது."